படத்துக்குப் போட்ட மாலை

கிந்தா கலைக்கூடத்தின் கண்ணே! சுண்ணாம்புச் சுவரையும் சொல்லவைத்த சூத்திரதாரியே! ஆணி அடிக்கும் முன் ஆழ யோசிக்கும் அண்ணலே! எங்கள் காட்சிக் காப்பாளர் திருமிகு ஜைனுலாப்தீன் அவர்களே!

உங்களுக்கு ஐம்பத்தைந்து வயது ஆகிவிட்டதாமே! ஓய்வாமே! செய்தி காதில் விழுந்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கட்டடத்தின் தூண் ஒருநாள் போனாலும் போகும், நீங்கள் போவீர்கள் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. இன்னும் கைகால் ஓடவில்லை, ஐயா!

மடல் என்றால் உரியவர் முகம் பார்த்துப் பேசவேண்டும், அதுதான் முறை. ஆனால் இந்தக் கதையை உங்களிடமே சொன்னால் நடுவில் எழுந்து, "அப்படி இல்லலா" என்று திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள். ஆகவே கொஞ்ச நேரம் அவையைப் பார்த்துப் பேசுகிறோம். நீங்கள் தயவுசெய்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள்.

அவையோரே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் இவர் இங்கே வந்தபோது, இது உடைந்த நாற்காலிகளும் ஒழுகும் கூரையும் ஒட்டடையுமாய்க் கிடந்த கூடம். ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவரின் மகன் இவர். "எங்க வாப்பா கடையில ஒரே தட்டுல நாலு குழம்பு ஊத்தலாம், இங்க ஊத்தக் கூடாதுலா. ஒரு சுவருக்கு ஒரு பெரிய படம் போதும்" என்பார். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, படங்களைச் சுவரோரம் சாய்த்துவைத்து, இடம் மாற்றி மாற்றி எங்கள் இடுப்பை ஒடிப்பார். எல்லாம் முடிந்ததும் வாசலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வருவார். சட்டென்று திறந்து, "மொதல்ல எது கண்ணுல படுது?" என்று கேட்பார். பதில் பிடிக்கவில்லை என்றால் அத்தனையும் மறுபடி கீழே இறங்கும். எத்தனை முறை மனத்துக்குள் திட்டியிருப்போம்!

எழுபத்தொன்பதில், துண்டு துண்டாக விற்கப்பட்ட ரப்பர் தோட்டங்களைப்பற்றி ஒரு கண்காட்சி வைத்தார். வாசலுக்கு நேர் எதிரே, பெரிய சுவரில் ஒற்றைப் படம். நான்கு வருடங்களுக்குமுன் சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் அவரே எடுத்தது. ரப்பர் பால் நிறைந்த காண்டா வாளியைத் தோளில் சுமந்து, பல் தெரியச் சிரிக்கும் ஒரு தொழிலாளி, பெயர் அர்ச்சுனன். திறப்பு விழாக் காலையில் அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றவருக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. மேடைக்கு மேடை தலைவர்களுக்கு மாலை விழுகிறது, பால்மரம் வெட்டியவனுக்கு ஒரு மாலை விழுந்ததுண்டா? கோயில் பக்கம் போய் ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாங்கிவந்தார். நாங்கள் எல்லாரும் வெளியே பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். அவர் தம் கையாலேயே மாலையைப் படத்துக்குச் சாத்தினார். மனம் நிறைந்து போயிற்று அவருக்கு.

படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். அவர் வீட்டுச் சுவரில் மனிதர் படமே மாட்டுவதில்லை. மாலையை அவர் கண்டதெல்லாம் கல்யாணத்திலும் மேடையிலும்தான்.

கதவு திறந்தது. அந்தத் தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முதலில் உள்ளே வந்தவர் வீரம்மா. அர்ச்சுனனின் மனைவி! தோட்டம் விற்கப்பட்டபின் அர்ச்சுனன் கிரிக் காட்டுக்கு மரம் அறுக்கும் வேலைக்குப் போய்விட, இவர் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். சில மாதங்களாகக் கணவனிடமிருந்து சேதி இல்லை. போதாததற்கு, போன வாரம் கிரிக் பக்கம் மரலாரி ஒன்று கவிழ்ந்ததாக ஊரெல்லாம் பேச்சு.

படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "ஐயோ! எனக்குச் சொல்லாமலே முடிச்சிட்டீங்களாடா!" என்று ஓர் அலறல்! அப்படியே தரையில் விழுந்து, நெற்றிப் பொட்டை உள்ளங்கையால் அழித்தார். வளையல் கையைத் தரையில் அடித்தார். கூட வந்த பெண்கள் கட்டிப்பிடித்து மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். திறப்பு விழாக் கூடம் இழவு வீடாகிவிட்டது.

ஜைனுலாப்தீன் விறைத்துப்போனார். என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை. எங்களில் பிச்சைமுத்து ஓடிவந்து காதில் சொன்னபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தங்கச்சி, அது மரியாதைக்குப் போட்டதும்மா! எனக்குத் தெரியாதும்மா!"

வீரம்மா நிமிர்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். "அப்போ அவரு உசுரோட இருக்காரா? சொல்லுங்க ஐயா! இருக்காரா?"

நான்கு வருடங்களுக்குமுன் ஒரே ஒருநாள் பார்த்த மனிதர். இருக்கிறாரா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவர் வாழ்க்கையில் அதைப்போல் ஒரு கேள்வி அவரை அடித்ததில்லை.

"வாம்மா, போய்ப் பாத்திடலாம்" என்றார். ரிப்பன் வெட்டப் பெரிய அதிகாரி வரவேண்டிய நேரம். "ஐயா, விழா!" என்று நாங்கள் கத்தக் கத்த, மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, வீரம்மாவையும் பிச்சைமுத்துவையும் தம் பழைய மோரிஸ் மைனர் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியே விட்டார்! கிரிக் வரை அந்த அம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாராம். அழித்த பொட்டின் சிவப்பு நெற்றி முழுக்க இழுசியிருந்ததாம். கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு ஸ்டீரிங்கில் கை வழுக்கியதாம்.

பிற்பகலில் மரம் அறுப்பவர்களின் முகாமைக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்துகொண்டிருந்தார் அர்ச்சுனன். நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய் வீரம்மா! இங்க என்னா பண்றே?"

வீரம்மா நேராகப் போய் ஓங்கி ஓர் அறை விட்டார். சோற்றுத் தட்டு பறந்தது. பிறகு அவர் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். மனைவியின் பொட்டு அழிந்த நெற்றியைப் பார்த்தார் அர்ச்சுனன். முகாம் ஓரத்து முனியாண்டி கல்லுக்கு ஓடி, குங்குமம் எடுத்துவந்து வைத்துவிட்டார். மோரிஸ் மைனர் பக்கம் திரும்பி நின்று எங்கள் காப்பாளர் சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார் என்று பிச்சைமுத்து சொன்னார். இதைத்தான் அவர் இன்றுவரை "அப்படி இல்லலா" என்று மறுத்து வருகிறார்.

மறுவாரம் அர்ச்சுனனே கூடத்துக்கு வந்து தம் படத்தின் கீழே நின்றார். கூட்டம் படத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தது! காப்பாளருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. அதைப்பற்றி அவர் மூச்சு விட்டதில்லை.

அன்றோடு அவர் கேள்வி மாறிவிட்டது. "மொதல்ல எது கண்ணுல படுது?" போய், "மொதல்ல யாரு கண்ணுல படுது?" என்று கேட்கலானார். எந்தக் கண்காட்சியானாலும் திறப்புக்கு முதல்நாள், படத்தில் உள்ளவர்களின் சொந்தபந்தத்தை அழைத்துத் தேநீர் கொடுத்து, தனியாகப் பார்க்கவிட்டார். காம்பார் ஈயச் சுரங்கக் கண்காட்சியில் மண்சரிவுப் படம் ஒன்று திருப்பத்தில் இருந்தது. அதில் கணவனை இழந்த சீனப் பெண்மணி திரும்பிய வேகத்தில் அதன்மேல் மோதுவதுபோல் நின்றார். உடனே படத்தை உள்சுவருக்கு மாற்றி, எதிரே ஒரு பெஞ்சு போட்டார். "உக்காந்து பாக்கட்டும்லா" என்றார். இந்த வித்தை எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள், சொல்லுங்கள்!

ஐயா! இனி உங்களிடமே பேசுகிறோம். நேற்று இந்த மேடையில் உங்கள் படத்தை வைத்து அலங்கரித்தோம். புதிதாக வந்த சீனி, ஆசையாக ஒரு ரோஜா மாலையை எடுத்து அதற்குப் போடப்போனார். மாலை கட்டித்தர வந்திருந்த வீரம்மா அக்கா போட்ட சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

"எடுடா மாலைய! அவரு நல்லா கல்லுக்குண்டாட்டம் இருக்காரு!"

பிடுங்கியவர் பிடுங்கியவர்தான், அதன்பின் யாரையும் தொடவிடவில்லை. இதோ, முதல் வரிசையில் அர்ச்சுனன் அண்ணன் பக்கத்தில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நோய்நொடி உங்கள் வாசல் மிதிக்காமல், பேரன் பேத்தி கண்டு, எங்கள் குறைகளை வந்து வந்து திட்டிக்கொண்டு நீங்கள் நெடுங்காலம் நிறைவாய் இருக்கவேண்டும். இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். எங்கே மாட்டுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், எங்கள் இடுப்பு தாங்காது.

படத்துக்கு மாலை இல்லை, ஐயா. எழுந்து நின்று தலையைக் குனியுங்கள், அர்ச்சுனன் அண்ணன் வருகிறார்.

உங்கள் கை பிடித்து ஆணி அடிக்கக் கற்ற,
கிந்தா கலைக்கூட ஊழியர்கள்
ஈப்போ, 1986