கஷியாஸ் சிறைக் கதவு திறப்பதற்குள்

இடலினா: அக்கா, எங்க நழுவறீங்க? இப்பக் கதவைத் திறந்துடுவாங்க.

கிரசிந்தா: நீ இருந்து கூட்டிட்டு வாடி. நான் போய்ப் படி கழுவணும்.

இடலினா: இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க படி கழுவறது புதன்கிழமை. இருபத்தாறு வருஷமா நம்ம கட்டடத்துக்குக் காவல் இருக்கீங்க, கிழமை கூடவா மறந்துபோச்சு?

கிரசிந்தா: நேத்து அரசாங்கமே மாறிப்போச்சு. கிழமை மாறக் கூடாதா?

இடலினா: பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல... ஏம்ப்பா சிப்பாய் தம்பி, எப்ப விடுவாங்க? என் வீட்டுக்காரர் ஆபேல் உள்ள இருக்கார். பதினாலு மாசமாச்சு.

சிப்பாய்: பொறுங்கம்மா. சிலரை மட்டும் விடலாம்னு மேலிடத்துல பேச்சாம். உள்ள இருக்கறவங்க ஒத்துக்கல. விட்டா எல்லாரையும் விடு, இல்லேன்னா ஒருத்தரும் வரமாட்டோம்னு உக்காந்துட்டாங்க.

இடலினா: எங்காளு யோசனையாத்தான் இருக்கும். வீட்டுலயும் இதே முரண்டுதான்.

கிரசிந்தா: தம்பி, நீ நேத்து அந்த டாங்கிகளோட லிஸ்பனுக்குள்ள வந்தியா? யாரையாவது சுட்டியா?

சிப்பாய்: நாங்க எங்க சுட்டோம்? எங்களைச் சுடச் சொல்லித்தான் எதிர்ல நின்னவனுக்கு உத்தரவு. அவன் சுடல.

கிரசிந்தா: ஏனாம்?

சிப்பாய்: அவனும் என்னை மாதிரிதானே. அடுத்த மாசம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏத்தியிருப்பாங்க. போயி யாருக்காகச் சாகறது?

கிரசிந்தா: என் பையனும் அந்த ஆப்பிரிக்காவுலதான், கினிக் காட்டுல கிடக்கான்... பதினெட்டு மாசமா.

சிப்பாய்: வந்துடுவான்மா. போரை நிறுத்தத்தானே இவ்வளவும் பண்ணினோம்.

இடலினா: அங்க என்ன கூச்சல்?

சிப்பாய்: ரகசிய போலீசுக்குத் துப்பு சொன்ன ஆளாம். ஜனங்க பிடிச்சுட்டாங்க... நான் போய் விலக்கி விடறேன், இல்லேன்னா கொன்னுடுவாங்க.

இடலினா: அக்கா, மறுபடியும் எங்க ஓடறீங்க?

கிரசிந்தா: என்னை விடுடி. ஆபேல் வெளிய வந்ததும் என் மூஞ்சியிலயா முழிக்கணும்?

இடலினா: முழிச்சா என்னவாம்?

கிரசிந்தா: ஏன்டி நோண்டறே... அவனை... நான்தான்டி ரகசிய போலீசுக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தா என் பையனைக் கினியிலேருந்து லிஸ்பனுக்கு மாத்தித் தர்றேன்னான் அந்த போலீஸ்காரன். பாவி, மாத்தவும் இல்ல.

இடலினா: தெரியும்.

கிரசிந்தா: என்னது?

இடலினா: முதல் தடவை பாக்கப் போனப்பவே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அவர் சொல்லிட்டார். விசாரணையில படிச்சுக் காட்டினாங்களாம். 'புதன்கிழமை மாவு மூட்டைன்னு சொல்லி அரசாங்கத்துக்கு எதிரான நோட்டீஸ் கட்டை இறக்கினான், ஈரப் படியெல்லாம் அவன் காலடி'ன்னு. ஈரப் படியில காலடி பாக்கறவங்க நம்ம கட்டடத்துல வேற யாரு?

கிரசிந்தா: தெரிஞ்சுக்கிட்டா... ஞாயித்துக்கிழமை தவறாம என்னைக் கூப்பிட்டு சூப் ஊத்தினே?

இடலினா: நல்ல மனசுன்னு நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு கரண்டியும் வயித்தெரிச்சலோட ஊத்தினதுதான். என் பையன் பட்டாளத்துக்குப் பயந்து ஓடிப்போனவன். அவன் இருக்கற இடத்தையும் நீங்க எழுதிட்டா? என் மேசையில உக்காந்து சாப்பிட்டா எழுதற கை கொஞ்சம் கூசும்னு நினைச்சேன்.

கிரசிந்தா: அப்ப அந்தக் கூட்டத்தைக் கூப்பிட்டுச் சொல்லிடு. இதோ நிக்கறா பாருங்கன்னு.

இடலினா: அதுக்கா உங்களை ரயிலேத்திக் கூட்டிட்டு வந்தேன்? அவர் முகத்தைப் பாத்து நீங்களே சொல்லணும். திட்டுவாரோ, அடிப்பாரோ... வாங்கிக்குங்க.

கிரசிந்தா: ...நிக்கறேன்.

இடலினா: என் பையன் பாரிசுல இருக்கான். இனிமே மறைக்க என்ன இருக்கு? வர்ற வாரம் வந்துடுவான்.

கிரசிந்தா: உன் பையன்கிட்டேருந்து கடிதம் ஏதாவது வருதான்னு அவங்க மாசாமாசம் கேட்டாங்க. கட்டடத்துத் தபால் எல்லாம் என் கை வழியாத்தானே போகுது.

இடலினா: ஐயோ... என்ன சொன்னீங்க?

கிரசிந்தா: பாரிசுலேருந்து உன் சித்தி பொண்ணு ஒட்டீலியாதான் எழுதறான்னு சொன்னேன். உறையில அந்தப் பேர்தானே இருந்துச்சு.

இடலினா: அப்பாடா. நீங்களும் அதை நம்பிட்டீங்க.

கிரசிந்தா: போடி இவளே. உன் பையனோட ஞானஸ்நானத்தன்னைக்குக் கோயில் பதிவேட்டுல ஒட்டீலியா கைநாட்டு வெச்சப்போ, மையைத் தொடைக்கத் துணி கொடுத்தவளே நான்தான். அவளா மாசம் தவறாம நாலு பக்கம் எழுதுவா?