இலவசப் பேருந்தும் வாய்ப்புச் செலவும்

காலை ஒன்பது பத்துக்குத்தான் வினை ஆரம்பித்தது. பாளையம்பட்டி நிறுத்தத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் தனியார் பேருந்தைப் போகவிட்டார்கள். பின்னாலேயே பெண்களுக்கான இலவசப் பேருந்து வருமாம். ஒன்பதரைக்குப் பொருளாதாரத் தேர்வு. ஒன்பது இருபத்தைந்து வரை எதுவும் வரவில்லை.

“ஏண்டி, வாய்ப்புச் செலவுன்னா என்னடி?”

“ஒண்ணை எடுக்கிறதுக்காக நாம விட்டுட்ட இன்னொண்ணு.”

“அப்ப நாம விட்டது?”

“பத்து ரூவா பஸ்ஸு. இப்பப் பரீட்சையும்.”

“ஃபெயிலானா எங்கப்பா படிப்பை நிறுத்திருவாக.”

“அவுகளுக்கும் இந்தப் பாடத்தை நடத்து.”

நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற எனக்கும் கல்லூரியில் படிக்கும் மகள் உண்டு. பேருந்து வருகிறதா என்று நானும் சாலையை எட்டிப் பார்த்தேன்.

அப்போது வினாத்தாள் கட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தார் அவர்களுடைய பொருளாதார ஆசிரியை.

“ஓசி பஸ்ஸு போயிருச்சாம்மா?” என்றார்.