வருமானம்: இல்லை

"எனக்கு வருமானமே இல்லைன்னு எங்கூட்டுக்காரரு எழுதிக் குடுத்துப்போட்டாருங்க்கா."

சோமனூரில் ஏறிய பெண் இதைச் சொன்னபோதுதான் நான் நிமிர்ந்தேன். கோயமுத்தூர் பஸ்ஸில் அவள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீட்டுக் கம்பெனியின் பாரம், இன்னும் நிரப்பாதது. பக்கத்தில் அவளைவிட மூத்த ஒரு அம்மா.

"உன்ற வருமானம் அவிகளுக்கு எதுக்கு அம்மணி?"

"புள்ளைய காலேஜ்ல சேக்கறதுக்குச் சீட்டை எடுத்தேனுங்க்கா. பணம் குடுக்கறதுக்கு முன்னால வருமானம் எழுதி, ஜாமீன்காரரும் கையெழுத்துப் போடோணுமாமா. கவர்மெண்டு ரூலுங்கறாங்க. மொதப் பாரத்தை அவருதான் எழுதுனாரு."

"ஏன், தறிக்கு நூல் தார் சுத்திக் கூலி வாங்கறயே?"

"அது பூ வாங்கற சில்லறைன்னு அவரு நெனைப்புங்க. மேனேஜரு படிச்சுப் பாத்துப்போட்டு, 'வருமானம் இல்லாம மாசாமாசம் எப்படிம்மா கட்டுனீங்க?'ன்னு கேட்டாரு. எங்கூட்டுக்காரரும் என்ற மூஞ்சியத்தான் பாக்கறாரு. பொறவு இந்தப் புதுப் பாரத்தைக் குடுத்து உட்டாங்க."

அந்த அம்மா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சரி, இந்தவாட்டி நீயே நெசத்தை எழுதிப்போடு. அதுக்கென்ன இத்தன ரோசனை?"

அவள் பேனாவைத் திறந்து மூடினாள். நான் இறங்க வேண்டிய சூலூர் எப்போதோ போய்விட்டது.

"நெசம், அவருகிட்ட நான் சொல்லி வெச்சதைவிட சாஸ்திங்க்கா. ஜாமீன் கையெழுத்து அவருதானுங்க போடோணும்."