மருந்து குடிச்சவ மக

இல்லண்ணே, அப்பிடிச் சொல்லாதீங்க. நீங்க மாப்பிள்ளைக்கு அப்பா, நான் பொண்ணுக்குத் தாய்மாமன், முதமுதலாப் பாக்குறோம், கோவிச்சுக்கக்கூடாது. ஆனா அந்தப் பேச்ச மட்டும் என் முன்னால பேசாதீங்க. மருந்து குடிச்சவ மகளுன்னு. யாரு சொன்னா உங்களுக்கு? சந்தியிலயா? புவாட் நானா கடையிலயா? சரி சரி, பேரு வேணாம். யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. பதினேழு வருஷமா அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்காங்க.

உக்காருங்க. குருவிட்டயில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, ஒரு பிளேன்டியாவது குடிங்க. பெல்மதுளை பூரா தேடினாலும் இந்தக் கடை மாதிரி பிளேன்டி கெடைக்காது. சீனி கம்மியா? சுகர் இருக்கா? மாத்திரையா போடுறீங்க? இந்தா பாருங்க, நீங்களும் தினம் மருந்து குடிக்கிறவருதானே! உங்கள யாராவது மருந்து குடிச்சவருன்னு ஊரெல்லாம் சொல்றாங்களா? சொல்ல மாட்டாங்க. பொம்பளைக்கு மட்டும் அந்தச் சொல்லு வேற மாதிரி ஆயிருது.

எனக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே பத்திக்கிட்டு வருதுண்ணே. எங்க தோட்டத்துல எதுக்குத்தான் மருந்துன்னு சொல்லல? இருமலுக்குக் குடுத்தாலும் மருந்து. தேயிலையில பூச்சிக்கு அடிச்சாலும் மருந்து. நான் வயசுப் பையனா மாணிக்கக் குழியில வேல செஞ்சேன், அங்க பாறைக்கு வெடி வைக்கிறவன் மருந்து எங்கடான்னு கேப்பான். கசிப்புச் சாராயம் போட்டுட்டு வர்றவன் கொஞ்சம் மருந்து சாப்பிட்டேம்பான். ஒரு பொண்ணு பின்னால ஒருத்தன் சுத்தினான்னா, அவ மருந்து வச்சிட்டாம்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. நல்லாக்குறதும் அதுதான், கொல்றதும் அதுதான்.

சிங்களத்துல மட்டும் என்னா வாழுது? அங்கயும் பெஹெத்தான். ஆஸ்பத்திரியில குடுக்குறதும் பெஹெத், தேயிலைக்கு அடிக்கிறதும் பெஹெத். வஸன்னு நஞ்சுக்குத் தனிச் சொல்லு இருக்குதான். ஆனா பூச்சிக்கு அடிக்கிறத யாரும் வஸன்னு சொல்றதில்லையே, பெஹெத்துன்னுதானே சொல்லுவாங்க. நுஹ்மான்னு ஒருத்தரு இங்க பாமசி வச்சிருந்தாரு, நல்ல மனுஷன், அவருதான் ஒருநாள் சொன்னாரு, இங்கிலீஷ்ல இதுக்கெல்லாம் வேற வேற சொல்லு காளிதாஸ், மெடிசின்னா ஒண்ணு, கெமிக்கல்னா ஒண்ணு, பாய்சன்னா ஒண்ணு, டாக்டரு எழுதுறப்ப ஏதாவது ஒண்ணத் தெரிஞ்செடுத்துத்தான் ஆகணும்னு. சீதாவப் பாத்த டாக்டரு அன்னைக்குத் தெரிஞ்செடுத்தது எதுன்னு ஊருக்கே தெரியும்.

சொல்றேன். மொதல்ல இருந்தே சொல்றேன். நீங்க கேட்டுட்டுப் போயி வீட்டுல சொல்லுங்க.

சீதாதேவி எனக்கு நேரு இளையவ. எங்க அப்பா அம்மா வெள்ளனவே போய்ட்டாங்க, அவள வளத்து கல்யாணம் முடிச்சுக் குடுத்தது நான்தான். மாப்பிள்ள கிருஷ்ணகுமாரு ஹட்டன் பக்கத்து ஆளு. இங்க வந்து தோட்டத்து பெக்டரியில வேல. தங்கமான மனுஷன், சிங்களம் மட்டும் ஒரு சொல்லு வராது. கடைக்குப் போனாக்கூட சீதாவத்தான் கூட்டிக்கிட்டுப் போவாரு. அவங்களுக்குள்ள சண்டையா? சண்ட இல்லாத வீடு எது? அவ கத்துவா, அவரு சிரிச்சுக்கிட்டு வெளிய போயிருவாரு. அதுதான் சண்ட. லோஜினிக்கு அப்ப அஞ்சு வயசு.

தொண்ணூத்திரெண்டு, மழை விட்ட நேரம். சீதா கொழுந்து எடுக்குறவ. அன்னைக்கு மருந்தடிக்கிற கேங்குக்கு ஆளு பத்தல. பொம்பளைங்களுக்கு அந்த வேலையே இல்ல, தெரியும்தானே. கங்காணி நாலு பேரக் கூப்பிட்டு மருந்துத் தண்ணிக் கேன மேட்டுக்குத் தூக்கச் சொல்லியிருக்கான். தலையில வச்சு ஏறினாளுங்க. பத்து மணிக்கு ஏறினவ, மதியம் லயத்துக்கு வந்தா. வாயில எச்சி வடியுது, கண்ணு சரியாத் தெரியலைங்குறா, ஒரே வாந்தி. டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். அங்க வாந்திக்கு ஒரு தண்ணி மருந்து ஊத்திக் குடுத்தாங்க. குடிச்சா. நிக்கல. அப்புறம்தான் தோட்டத்து லொறிய அனுப்பினாங்க, அதுக்கே ஒரு மணித்தியாலம்.

லொறியில என் மடியிலதான் படுத்திருந்தா. எரியுதுண்ணே எரியுதுண்ணேன்னு அதே பேச்சு. நான் வயித்தத் தடவிக் குடுக்குறேன். வாந்தி எடுத்தவளுக்கு வயிறுதானே எரியும்?

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரு, சிங்கள ஆளு. கெட்டவரு இல்ல, அத நான் சொல்லணும். ஓடி வந்தாரு. கிட்ட வந்ததும் மூக்கச் சுளிச்சாரு, அந்த அடிக்கிற மருந்து வாட அப்பிடி வீசுது. எங்களுக்கு அந்த வாட பழகிருச்சு, மலையில இருந்து வர்ற எல்லாரு மேலயும் அடிக்கும். என்னா நடந்துச்சுன்னு சிங்களத்துல கேட்டாரு. நான் சீதாவக் கேட்டேன். அவ சொன்னா, மருந்து குடிச்சேண்ணே, நிக்கலண்ணேன்னு. டிஸ்பென்சரி மருந்தச் சொல்றா. நான் அப்பிடியே திருப்பிச் சொன்னேன். பெஹெத் பிவ்வா. எரியுதாம் டொக்டர் மாத்தயான்னும் சொன்னேன்.

அவ்வளவுதாண்ணே. அந்த ரெண்டு சொல்லுதான். அந்த வாட, அந்தச் சொல்லு, ஒரு தமிழ் தோட்டத்துப் பொம்பள, அவருக்கு வேற என்னா தோணும்? குழாய வாயில விட்டு வயித்தக் கழுவினாங்க. நல்லாத்தான் கழுவினாங்க. வயித்துல ஒண்ணும் இல்ல. எல்லாம் முதுகுல இருந்துச்சு. ரவிக்கையில, உள்பாவாடையில. அந்த ஈரத் துணியோடயே அவளக் கட்டில்ல போட்டாங்க. உடுப்பக் கழட்டிட்டு சவுக்காரம் போட்டு மேலக் கழுவியிருந்தா பொழைச்சிருப்பாளாம். நுஹ்மான்தான் சொன்னாரு, ரொம்ப நாளைக்கு அப்புறம். அது தோலு வழியா எறங்குமாம், அண்ணே. ராத்திரி பூரா எறங்கியிருக்கு.

விடிய அஞ்சு மணிக்குப் போய்ட்டா.

குடிங்க, ஆறிருது.

காலையில பிரேமலதான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. அதுவும் அந்த நாலு பேருல ஒண்ணு. என்னத் தனியாக் கூப்பிட்டு அழுவுது. அண்ணே, அவ கேனுக்கு மூடி சரியில்ல, பின்னால கழுத்துல இருந்து முதுகு பூரா ஊத்திருச்சு, கங்காணி ஓடையில கழுவிட்டு வாடின்னுட்டாரு, இவ ரெண்டு கை தண்ணி ஊத்திக்கிட்டு மறுபடியும் தூக்கினா, எங்களால ஒண்ணும் பேச முடியலைன்னு. என் பேரச் சொல்லிறாதீங்க, எங்க வீட்டுக்காரரு வேலை போயிரும்னு கையப் புடிச்சிக்கிட்டுச்சு. கொஞ்ச நேரத்துல நர்ஸ் வந்து சீதாவோட உடுப்ப ஒரு பார்சலாக் கட்டிக் கையில குடுத்தா. விரிச்சுப் பாத்தேன். முன்பக்கம் ஒண்ணுமில்ல. முதுகுப்பக்கம் இன்னும் ஈரம்.

ஆமா. அப்பவே தெரிஞ்சிருச்சு.

இல்லண்ணே, அந்தக் காலம் வேற. நாங்க இங்க நாலு பக்கமும் சிங்களக் கிராமம், நடுவுல ஒரு லயம். ஆஸ்பத்திரிய எதுத்து, தோட்டத்த எதுத்து ஒரு தமிழன் வாயத் தொறக்க முடியுமா? யாருகிட்டப் போய்ச் சொல்றது?

டிக்கட்டுல, அதான் ஆஸ்பத்திரி அட்டையில, எழுதினது எழுதினதுதான். தோட்டம் கையக் கழுவிருச்சு, புருஷன் பொண்டாட்டி சண்டையாம், எங்களுக்கு என்னான்னு. லயத்துல கிருஷ்ணகுமாரப் போட்டு வதைச்சாங்க. என்னடா செஞ்ச அவள, மருந்து குடிக்கிற அளவுக்கு என்னா செஞ்சன்னு. கோயில்ல திருநீறு குடுக்குறது அவருதான், அவரு கையால வாங்க மாட்டேன்னுட்டாங்க. மனுஷன் ஒரு வருஷம் தாங்கினாரு. அப்புறம் எம்பிலிப்பிட்டிய பக்கம் வாழத்தோட்டத்துக்குப் போய்ட்டாரு. இன்னும் அங்கதான் இருக்காரு. தீவாளிக்கு வருவாரு, மகளுக்கு உடுப்புக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல போயிருவாரு. மறு கல்யாணமும் இல்ல.

லோஜினி என் வீட்டுலதான் வளந்துச்சு. இப்ப முன்பள்ளியில படிச்சுக் குடுக்குது. நீங்க பாத்தீங்கதானே? அமைதியான புள்ள. அந்த அமைதி எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. பன்னெண்டு வயசுல ஒருநாள் சோறு தின்னுக்கிட்டு இருக்கையில கேட்டுச்சு. மாமா, நான் என்னா குழப்படி செஞ்சேன், அம்மா ஏன் என்னைய விட்டுட்டு மருந்து குடிச்சாங்கன்னு. நான் என்னா சொல்லியிருக்கணும்? சாப்பிடும்மான்னு சொன்னேன்.

அதான் சொல்றேன், எல்லாம் அந்த ஒரு சொல்லால வந்த கேடு. தமிழ்ல ஒண்ணு, சிங்களத்துல ஒண்ணு, ரெண்டும் மோசம். ஒரு மனுஷன் வாயில இருந்து இன்னொரு மனுஷன் காதுக்குப் போறதுக்குள்ள மருந்து நஞ்சாயிருச்சு. நான் யாரக் குத்தம் சொல்றது? அந்தச் சொல்லத்தானே குத்தம் சொல்ல முடியும்?

என்னா கேட்டீங்க?

மரண விசாரணையா? நடந்துச்சு. ஆஸ்பத்திரியிலயே, அன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு. ஆமா, பிரேமலதா வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான்.

நீங்க வெவரமான ஆளுதான்.

வந்தவரு வயசான சிங்கள ஐயா. கண்ணாடிய மூக்கு நுனியில போட்டுக்கிட்டு மெதுவாக் கேக்குறவரு. கிருஷ்ணகுமாரு பக்கத்துல நிக்கிறாரு, அவருக்குப் பாஷ தெரியாது, நான்தான் பேசணும். டிக்கட்டப் படிச்சிட்டு அந்த ஐயா நிமிந்து பாத்தாரு. பாய்சன்னு எழுதியிருக்கு, நீங்க பெஹெத் குடிச்சான்னு சொன்னீங்களாம், கொய் பெஹெத்த, எந்த மருந்துன்னாரு. எனக்குப் புரியலைன்னு நெனைச்சு மறுபடியும் பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டாரு. டிஸ்பென்சரியில குடுத்த மருந்தா, தோட்டத்துல அடிக்கிற மருந்தா, யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு.

அந்த மனுஷன் சரியாத்தாண்ணே கேட்டாரு. தெளிவாக் கேட்டாரு. அவரு கேட்டதுல ஒரு கொழப்பமும் இல்ல. உடுப்புப் பார்சல் என் கக்கத்துல இருக்கு.

டிஸ்பென்சரி மருந்துன்னு சொன்னா, அப்ப நேத்து டாக்டருகிட்ட என்னா சொன்னேன்னு கேப்பாரு. பக்கத்துல கிருஷ்ணகுமாரு நிக்கிறாரு, பாஷ தெரியாட்டியும் வெவரம் அவரு காதுக்கு வந்துரும். நான் பேசினதுலதான் சீதா செத்தான்னு ஆயிரும். தோட்டத்துக்குப் பயந்தேன், சிங்களவனுக்குப் பயந்தேன்னு இவ்வளவு நேரம் உங்ககிட்டச் சொன்னதெல்லாம் சும்மா. நான் கிருஷ்ணகுமாருக்குத்தான் பயந்தேன்.

தோட்டத்துல அடிக்கிற மருந்தத்தான் குடிச்சான்னு சொன்னேன்.

ஐயா எழுதிக்கிட்டாரு. கிருஷ்ணகுமாரு என் கையத் தொட்டு, மச்சான், அவரு என்னா கேட்டாருன்னாரு. ஒண்ணுமில்ல மச்சான், கையெழுத்துப் போடணுமாம்னு சொன்னேன். போட்டாரு.

இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லண்ணே. லோஜினிக்கும் தெரியாது, அவ அப்பாவுக்கும் தெரியாது. நீங்க எந்திரிச்சுப் போறதுன்னாலும் நான் தடுக்கல. வீட்டுல கேட்டா, பொண்ணு வேணாம், மாமன்காரன் சரியில்லைன்னு சொல்லுங்க. அம்மா மருந்து குடிச்சவன்னு மட்டும் சொல்லாதீங்க.