அப்பா காருக்குப் புதுப் பூட்டு

அக்கா: ...இப்போ பாரு. திருப்புறேன். ஆச்சா? ஓடுது. ஆஹா, என்ன சத்தம்... ஒண்ணு... ரெண்டு...

தங்கை: நின்னுடுச்சு.

அக்கா: தெரியுதுடி. எனக்கும் காது இருக்கு.

தங்கை: எத்தனாவது தடவை இது?

அக்கா: பதினேழு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் மானம் போகுதுன்னு விட்டுட்டேன்.

தங்கை: மணி பத்தரை. பன்னெண்டுக்கு அப்பாவ டிஸ்சார்ஜ் பண்றாங்க. “என் வண்டி வந்தாத்தான் கட்டில விட்டு இறங்குவேன்”னு நர்ஸ் வரைக்கும் சொல்லி வச்சிருக்காரு.

அக்கா: அதுவும் பக்கத்து வீட்டு டிரைவர்தான் ஓட்டிட்டு வரணுமாம். பெத்த பொண்ணுங்க ரெண்டு பேரும் தொடக் கூடாதாம்.

தங்கை: நீதான் தொட்டுட்டியே.

அக்கா: டிரைவர்கிட்ட குடுக்கச் சொல்லி அவர் தந்த சாவி கையில இருந்துச்சு. சும்மா... தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்னு...

தங்கை: சாவிய முறிச்சு, ஸ்டார்ட் பண்ற பூட்டக் கழட்டி, புதுசு வாங்கி மாட்டியிருக்க. இதுக்குப் பேரு ரவுண்டா?

அக்கா: முறிஞ்சதும் என்ன செய்யச் சொல்ற? அவர்கிட்ட இருந்ததே ஒரே சாவி. பாதி பூட்டுக்குள்ள, பாதி என் கையில. மெக்கானிக்கக் கூப்பிட்டா அவன் நேரா அப்பாவுக்குத்தான் போன் போடுவான். அதான் நானே எடுத்துட்டேன்.

தங்கை: எதால?

அக்கா: ...கிளினிக்ல இருந்து கொண்டு வந்தேன்.

தங்கை: பல்லு எடுக்குற சாமானாலயா?

அக்கா: சிரிக்காத. சின்னக் கண்ணாடிய விட்டுப் பாத்து, கொக்கிய வச்சு நெம்பி, பூட்ட முழுசா வெளிய எடுத்தேன். வேரோட. ஒரு கீறல் கிடையாது. மயக்க ஊசிதான் போடல.

தங்கை: கடவுளே. சரி, தள்ளு. நான் ஆபீஸ்ல நின்னுபோன கம்ப்யூட்டருக்கெல்லாம் நாள் பூரா இதத்தான செய்றேன். வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?

அக்கா: அறைஞ்சிடுவேன்.

தங்கை: எல்லாரும் அதான் சொல்லுவாங்க. அங்க ஒரு லைட்டு மினுக்குது பாரு, சாவிப் படம் போட்டு. எப்பவும் மினுக்குமா?

அக்கா: எனக்கு எப்படித் தெரியும்? பதினாலு வருஷமா நான் பின் சீட்டு.

தங்கை: இது திருட்டுத் தடுப்பு. ஒரிஜினல் சாவித் தலைக்குள்ள அரிசி அளவு ஒரு சிப்பு இருக்கும். பூட்டச் சுத்தி இருக்கே, இந்த வளையம்... அது சிப்பப் படிக்கும். தெரிஞ்ச சிப்புன்னா இன்ஜின் ஓடும். இல்லன்னா ரெண்டு செகண்டுல அணைச்சிடும்.

அக்கா: அதாவது வண்டி என்னத் திருடின்னு நினைக்குது.

தங்கை: வண்டிக்கு ஆளத் தெரியுது.

அக்கா: அட, நீ வேற.

தங்கை: பயப்படாத. முறிஞ்ச சாவியோட தலை இருக்குல்ல? அத வளையத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு, புதுச் சாவியத் திருப்பு. அவ்ளோதான்.

அக்கா: இவ்ளோ சுலபமா? காலைலயே சொல்லியிருக்கலாம்ல? இந்தா... பிடிச்சிருக்கேன். திருப்புறேன். ஒண்ணு... ரெண்டு...

தங்கை: நின்னுடுச்சு.

அக்கா: இன்னொரு தடவ அத நீ சொன்ன, பாத்துக்கோ.

தங்கை: வளையத்தோட ஒயர் கழண்டிருக்குமோ... இல்ல, இறுக்கமாத்தான் இருக்கு. சாவித் தலையக் குடு. கத்தி இருக்கா? இதப் பிளந்தா... அக்கா, உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் பிளாஸ்டிக்கு.

அக்கா: அதெப்படி? அப்பா தினமும் இதுலதான ஓட்டினாரு?

தங்கை: அதான் எனக்கும் புரியல. நீ கழட்டும்போது உள்ள வேற ஏதாவது இருந்துச்சா? நல்லா யோசி. எல்லாத்தையும் திருப்பி மாட்டினியா?

அக்கா: மாட்டினேன். ஸ்குரூ ஒண்ணுகூட மிச்சமில்ல.

தங்கை: வேற எதையும் எடுக்கல?

அக்கா: எடுக்கல... சும்மா சுத்தம்தான் பண்ணேன்.

தங்கை: என்ன சுத்தம்?

அக்கா: அது... வளையத்துக்கு மேல ஏதோ கறுப்பா, கட்டியா, டேப்பு சுத்தி ஒட்டிக் கிடந்துச்சு. பிசுபிசுன்னு. பாக்கவே சகிக்கல. சொத்தை மாதிரி இருந்துச்சு.

தங்கை: அதனால?

அக்கா: சுரண்டி எடுத்துட்டேன்.

தங்கை: அக்கா!

அக்கா: கை பழக்கம்டி! இருபது வருஷமா கறுப்பா ஒட்டிட்டு இருக்குறத எல்லாம் சுரண்டிட்டே இருக்கேன். என்ன ஏதுன்னு கேக்காம கை தானாப் போயிடுது. அதுக்கப்புறம் ஸ்பிரிட் வேற போட்டுத் துடைச்சேன்.

தங்கை: எங்க போட்ட அத?

அக்கா: குப்பையில.

தங்கை: போச்சு. குப்பை வண்டி எட்டு மணிக்கே வந்துட்டுப் போயிடுச்சு.

அக்கா: இரு... குப்பைய வெளிய வைக்கலன்னுதான காலைல எங்கிட்ட அந்தக் கத்து கத்தின?

தங்கை: வைக்கலயா இன்னும்? நீ நல்லா இருப்ப! ஓடு!

அக்கா: ஓடுறேன், ஓடுறேன்!

தங்கை: கிடைச்சுதா?

அக்கா: ஒரு நிமிஷம்... காப்பித்தூள்... முட்டை ஓடு... ஐயே... இந்தா! இதான்.

தங்கை: டேப்பப் பிரி. மெதுவா. சுரண்டாத!

அக்கா: சுரண்டல தாயே. ...ஏய், இதுவும் ஒரு சாவித் தலை. கம்பெனி முத்திரை எல்லாம் இருக்கு. இதுவும் முறிஞ்சதுதான்.

தங்கை: புரிஞ்சிடுச்சு. இதுக்கு முன்னாடியே யாரோ பூட்ட மாத்தியிருக்காங்க. சிப்பு இல்லாத மட்டமான சாவியக் குடுத்துட்டு, பழைய தலைய உள்ளயே ஒட்டி வண்டிய ஏமாத்தியிருக்காங்க.

அக்கா: அந்த மெக்கானிக்தான்! பாவம்டி அப்பா. வாரம் தவறாம அந்த வண்டியத் துடைக்கிறாரு. “ஒரு ஸ்குரூகூட மாத்துனதில்ல”ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறாரு. அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்.

தங்கை: முதல்ல ஸ்டார்ட் பண்ணு.

அக்கா: பிடிச்சுக்கிட்டேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... ஓடுதுடி! ஏய், ஓடுது!

தங்கை: நிறுத்தாத, அப்படியே வை! ...அப்பா போன் பண்றாரு.

அக்கா: பூட்டப் பத்தி மூச்சு விடாத. ஒரு நாளைக்கு முப்பது பேர வாயத் திறக்க வைக்கிறேன், இவர்கிட்ட எனக்கு வாய் வர மாட்டேங்குது. ஸ்பீக்கர்ல போடு. ...சொல்லுங்கப்பா! கிளம்பிட்டோம்!

அப்பா: டிரைவர் வரலன்னு இப்பதான் போன் பண்ணினான். யாரு ஓட்டுறது?

அக்கா: அது வந்து... நான்தாம்பா. மெதுவாத்தான் வருவேன்.

அப்பா: ம்... சாவி சரியாத் திரும்புதா?

அக்கா: ஓ, வெண்ணெய் மாதிரி!

அப்பா: எனக்கு ஒரு நாளும் அப்படித் திரும்பினதில்லையே. பூட்ட மாத்திட்டியா?

தங்கை: அப்பா, அக்கா மேல தப்பில்ல. சாவி தானா...

அப்பா: ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்டுல நிக்குதா?

அக்கா: நின்னுச்சு. இப்ப நிக்கல. உங்களுக்கு எப்படிப்பா...

அப்பா: அப்ப டேப்பப் பிரிச்சிட்டீங்க.

தங்கை: அப்பா, அந்த மெக்கானிக் உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான். வாங்க, போய் நாலு வார்த்தை கேப்போம்.

அப்பா: அவனை ஒண்ணும் கேக்காதீங்க. அவனுக்கே தெரியாது. நான்தான் மாத்தினேன். வாங்கின மூணாவது மாசம், பெயின்ட் டப்பா மூடிய நெம்பப் போயி சாவிய முறிச்சுட்டேன். உங்கம்மா ஊருக்குப் போயிருந்தா. அவ வர்றதுக்குள்ள நானே பூட்ட வாங்கி மாட்டி, வண்டி நின்னு நின்னு போயி, கடைசில தலைய உள்ள ஒட்டினேன்.

அக்கா: அப்ப நீங்களும்... எண்ணினீங்களா?

அப்பா: முப்பத்தொண்ணு.

அக்கா: அப்பா! பதினேழுக்கே எனக்கு அழுகை வந்துடுச்சு. சொல்லியிருக்கலாம்லப்பா? இதுல என்ன இருக்கு?

அப்பா: அதாம்மா நானும் இங்க படுத்துக்கிட்டு ஆறு நாளா யோசிக்கிறேன். நீங்க வண்டிய இடிச்சுடுவீங்கன்னு நான் ஒரு நாளும் பயப்படல. ஓட்டக் குடுத்தா எப்பவாவது பூட்டு மூடியக் கழட்டிப் பாத்துடுவீங்க, அப்பனோட லட்சணம் தெரிஞ்சிடும்னுதான் தொடவே விடல. உனக்குப் பிரசவ வலி வந்தப்ப நான் ஊர்ல இல்ல. வண்டி வாசல்ல நின்னுச்சு, சின்னவ டாக்ஸி தேடி மழையில தெருத் தெருவா ஓடினா. அன்னிக்கும் சாவி என் பாக்கெட்லதாம்மா இருந்துச்சு, வேணும்னேதான் எடுத்துட்டுப் போயிருந்தேன்.