வருகைப் பதிவில் நான் போட்ட இருபத்தாறு குறிகள்

பெயர்: டெஸ்ஸா ஹென்ஸ்லி. வயது: 23. முகவரி: 14, டோகெட் சந்து, மில்ஸ்பரோ, கென்டக்கி மாநிலம். வேலை: மில்ஸ்பரோ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் படிப்பறைக் கண்காணிப்பாளர், தற்போது பணியிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகக் காவல் பிரிவு அலுவலர் திருமதி ஓர்டன் என்னை வாயால்தான் சொல்லச் சொன்னார். ஆள் முன்னால் பேச எனக்கு வராது. பாதியில் தலையை ஆட்டிவிட்டு நிறுத்திவிடுவேன். அப்படி ஒருமுறை தலையாட்டியதில்தான் இந்த விவகாரமே தொடங்கியது. ஆகவே எழுதித் தருகிறேன். நீண்டுவிட்டால் மன்னிக்கவும்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் அப்பா கோழி இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிறார். பட்டம் வாங்கியதும் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அணி வீரர்கள் செவ்வாய், வியாழன் காலை எட்டு முதல் பத்து வரை படிப்பறையில் இருக்க வேண்டும். வந்தவர் பெயருக்கு எதிரே குறி போடுவது என் வேலை.

கடந்த ஆண்டு மார்ச் மாதம் துணைப் பயிற்சியாளர் வேட் சாட்லர் என்னைத் தம் காரில் மெம்ஃபிஸுக்கு அழைத்துச் சென்றார். கீனன் பார்ஹாம் என்ற பள்ளி மாணவனை எங்கள் அணிக்கு இழுப்பதற்காக அவன் வீட்டுக்குப் போனோம். பயிற்சியாளர்களைத் தவிர வேறு பணியாளர் அப்படிப் போகக் கூடாது என்ற விதி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரியும். வழியில், "யாராவது கேட்டா என் அக்கா மகள்னு சொல்லிடு கண்ணு" என்றார்.

கீனனின் தாயார் ரோண்டா முதியோர் இல்லத்தில் பணிப்பெண். பொரித்த கெளுத்தி மீனும் ஸ்பகெட்டியும் வைத்தார். மகன் பிசியோதெரபி படிக்க விரும்புவதாகச் சொன்னார். அதற்கு சாட்லர், "எதை வேணும்னாலும் படிக்கலாம் மேடம். இதோ இந்தப் பொண்ணைப் பாருங்க. இவங்க வீட்டுல யாரும் காலேஜ் வாசலையே மிதிச்சதில்ல" என்றார்.

அதன்பிறகு ரோண்டா என் பக்கம் திரும்பினார். "கோச் பேசினது போதும். மீன் ஆறிப்போச்சு. நீ சொல்லும்மா. என் பையன் நெஜமாவே படிப்பானா, இல்ல நாலு வருஷம் பந்தைத் தட்டிட்டு வெறுங்கையோட வருவானா?"

நான் தலையாட்டினேன்.

"படிப்பான்னுதானே ஆட்டுற?"

மறுபடியும் ஆட்டினேன். அவர் என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார். மறுநாள் கீனன் எங்கள் அணிக்குக் கையெழுத்திட்டான்.

அதன்பிறகு ஆகஸ்டில் அவன் வந்து சேர்ந்தபோது, சாட்லர் அவனைப் பொழுதுபோக்கு மேலாண்மைப் படிப்பில் போட்டார். அறிவியல் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் ஆட முடியாமல் போகும் என்றார். "அவன் இங்க கூடைக்குள்ள பந்து போட வந்திருக்கான், எலும்பு எண்ண வரல." கீனன் என் மேசைக்கு வந்து, "டீச்சரம்மா, எங்க வீட்டுல ஆட்டுன தலை உங்களோடதுதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நானே உடற்கூறியல் பாடத்தில் சேரும் படிவத்தை நிரப்பி அவனிடம் கொடுத்தேன். விளையாட்டுத் துறை ஒப்புதல் என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதிக் கையெழுத்திட்டேன். வேறு யார் கையெழுத்தையும் நான் போடவில்லை. அந்தப் படிவம் மூன்று அலுவலகங்களில் முத்திரை வாங்கியது. ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பாடத்தின் ஆய்வகமும் செவ்வாய், வியாழன் காலை எட்டு மணிக்குத்தான். படிப்பறைக்கு வராமல் அவன் படிக்கப் போனான். இருபத்தாறு காலைகளில் அவன் பெயருக்கு எதிரே வந்ததாகக் குறி போட்டேன். இருபத்தாறும் பொய். ஒப்புக்கொள்கிறேன். வருந்துகிறேன் என்று எழுத மாட்டேன். மற்ற பதினொரு பெயர்களுக்கு எதிரே நான் போட்ட குறிகள் எல்லாம் உண்மை. அவர்கள் வந்தார்கள். மேல்சட்டையின் தலைமூடியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பத்து மணி வரை தூங்கினார்கள். அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் விசாரிக்கவில்லை.

டிசம்பரில் தேர்வு முடிந்த அன்று மாலைப் பயிற்சியின்போது, கீனன் விரலில் சுற்றியிருந்த ஒட்டு நாடாவில் ஏதோ எழுதியிருப்பதை சாட்லர் பார்த்தார். நான் தண்ணீர் மேசை அருகே நின்றிருந்தேன்.

"லூனேட், ஸ்கேஃபாய்டு. யாருடா இவங்க? ரெண்டு பொண்ணுங்களா?"

"மணிக்கட்டு எலும்பு, கோச். ஆடுற காலத்துல உடைச்சுக்கிட்டதா போன வாரம் சொன்னீங்களே, அது ரெண்டாவது."

அணி முழுவதும் சிரித்தது. சாட்லர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஒரு வாரத்தில் மதிப்பெண் வந்தது. சி பிளஸ். ஆடுவதற்கு அது போதும். ஆனாலும் சாட்லர் ஆய்வக நேரத்தை என் வருகைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். ஜனவரி 6 அன்று என்னைத் தம் அறைக்கு அழைத்து, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். கீனன் கெஞ்சியதால் பொய்க்குறி போட்டேன் என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போடு கண்ணு. அந்தப் பாடத்தை ஆபீஸ் தப்புன்னு ரத்து பண்ணிடுவோம். அவனுக்கு ரெண்டு ஆட்டம் தடை, அவ்வளவுதான். உன்மேல புகார் வராது. படிச்ச பொண்ணு, உனக்குப் புரியும்."

புரிந்தது. இந்த முறை நான் தலையாட்டவில்லை. "மாட்டேன் சார்" என்றேன். அவர் அறையில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மறுநாள் என்மேல் புகார் கொடுத்தார்.

கீனன் என்னிடம் கெஞ்சவில்லை. பணமோ பொருளோ தரவில்லை. அவனுக்காக ஒரு வரிகூட நான் எழுதிக் கொடுத்ததில்லை. அவன் தாயாரிடம் நான் பொய் சொன்னவள் ஆகிவிடக் கூடாது என்பதற்காக வருகைப் பதிவில் பொய் எழுதினேன். இரண்டில் எது பெரிய பொய் என்பதை விசாரிப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

மேலே உள்ளவை அனைத்தும் என் கையால் எழுதியவை, நடந்தவை நடந்தபடியே. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எதையும் அடிக்க வேண்டியதில்லை.

(ஒப்பம்) டெஸ்ஸா ஹென்ஸ்லி
ஜனவரி 14

இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அலுவலர் கேட்டதால் இதைக் கையெழுத்துக்குக் கீழே எழுதுகிறேன். என் வேலையைத் திரும்பத் தரும்படி நான் கேட்கவில்லை. வழக்குப் போட்டாலும் வந்து நிற்கிறேன். அந்த சி பிளஸை மட்டும் அழிக்க வேண்டாம். அவனுடைய மதிப்பெண் பட்டியலில் யாரும் சும்மா தூக்கிக் கொடுக்காமல் அவனே படித்து வாங்கியது அது ஒன்றுதான்.