நண்டுக் கறிக்கு மூன்று நட்சத்திரம்

பிரிஜ் குளிரை உண்டாக்குவதில்லை, ஐயா. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். பின்பக்கம் கை வைத்துப் பார்த்தால் சுடும். மட்டக்களப்பில் அநேகமான சாப்பாட்டுக் கடைகளின் பிரிஜ்களைத் திருத்துகிறவன் நான் என்பதால் இதை ஒவ்வொரு முதலாளிக்கும் விளங்கப்படுத்தியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி சுவரோடு ஒட்டித்தான் வைப்பார்கள்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். ‘வாவிக்கரைத் தட்டு’ என்ற முகநூல் பக்கத்தை எழுதுவது யார் என்று கேட்டீர்கள். நான்தான். கடைகளில் காசு கொடுத்துச் சாப்பிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதி, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவேன். பெயர் மட்டும் போடுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

வந்திருப்பது யார் என்று சமையலறைக்குத் தெரிந்தால் அதே சட்டியிலிருந்து வேறு கறி வரும். கரண்டி அடிவரை போகும். காலையில் பொரித்த மீன் பெட்டிக்குத் திரும்பிப் போக, புது மீன் எண்ணெயில் விழும். பிரிஜ்ஜின் பின்னால் குந்தியிருந்து இதையெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், பொலிஸ்காரர்களுக்குப் போகிற கொத்து ரொட்டியையும் பார்த்திருக்கிறேன். ஐயா இத்தனை காலம் சாப்பிட்டது இந்த ஊர்க் கொத்தே அல்ல. ஆகவே விமர்சகன் முகம் இல்லாதவனாக இருக்க வேண்டும். இதில் நாம் இருவரும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஒழுங்கும் எனக்கு உண்டு. மேசையில் கண்டதை மட்டுமே எழுதுவேன். உறைபெட்டிகளுக்குள் கண்டதை ஒருநாளும் எழுதியதில்லை. அது தொழில் இரகசியம். சிலர் நோயில் விழுந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் முகம் இல்லாமல் இருக்க முடியாது. தனியாக ஒருவன் மேசையில் உட்கார்ந்தால் தண்ணீர் வைக்க முதலே “நீங்க ஆருட மகன்?” என்று கேட்பார்கள். பக்கம் பிரபலமானதும் முதலாளிமார் எழுதுகிறவனைத் தேடத் தொடங்கினார்கள். ஒருவன் அகப்படும்வரை அந்தத் தேடல் நிற்காது. சூட்டை அழிக்க முடியாது என்று முதலே சொன்னேன் அல்லவா? எங்காவது தள்ளத்தான் வேண்டும். எனக்கு ஒரு பின்பக்கம் தேவைப்பட்டது.

வினாயகமூர்த்தி அண்ணன் அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி, மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். பிரிஜ்ஜைத் திறந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே ஒரு பாரை மீன் வேறு எதுவாகவோ மாறிக்கொண்டிருந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று புளித்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“காய்ச்சலோட மணம் போயிற்று தம்பி, ருசியும் போயிற்று” என்றார். “மறுகா வரும் எண்டு டொக்டர் சொன்னவர். அதான் சாப்பிடக்குள்ள ஒவ்வொரு பிடியையும் மணந்து பாக்கன்.”

கடையில் சாப்பிடும்போது அவர் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக இருப்பார். ஒவ்வொரு பிடியையும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். ஏமாற்றத்தோடு தலையை ஆட்டுவார். இதைவிடப் பொருத்தமான ஒரு விமர்சகரைச் செய்து எடுக்கவே முடியாது.

நான் பொய் சொல்லவில்லை. ஏறாவூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் காசு மேசையில் இருக்கிற றிஸானிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “அந்த அண்ணன் ஏன் ஒவ்வொரு பிடியையும் மணந்து பாக்கிறார்?” சொன்ன செய்தியை ஆட்கள் சந்தேகிப்பார்கள். தாங்களே கண்டுபிடித்ததைச் சந்தேகிக்க மாட்டார்கள். பிறகு அண்ணன் போகிற கடைகளுக்கே நானும் போய் அடுத்த மேசையில் சாப்பிட்டு, மறுநாள் எழுதினேன். ஒரு மாதத்துக்குள் விஷயம் அடுத்த ஊரான கிரான் வரை போய்விட்டது.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் நன்மைதான். அண்ணனுக்குப் பெரிய மீன்தலையும் இரட்டை முட்டையும் கேட்காமலே தயிரும் வந்தன. “மனிசி இல்லாதவன் எண்டு எவ்வளவு பரிதாபப்படுறாங்க, தம்பி” என்று என்னிடம் நெகிழ்ந்தார். சட்டைப் பொத்தான்கள் பூட்ட முடியாமல் போயின. இரத்தத்தில் சீனியும் கூடியது. ஆனாலும் மற்றவர் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து, ருசி தெரியாமலே “நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டு எழும்புவார்.

இனி வருவதுதான் பொறிமுறையின் அழகான இடம், கொஞ்சம் கவனியுங்கள். நல்ல துண்டெல்லாம் அவருக்குப் போனதால் அடுத்த மேசையில் எனக்கு வந்தது மிச்சம். நான் நேர்மையாக எழுதுகிறவன். மோசம் என்று எழுதினேன். திறமானதைத் தின்றுவிட்டு, முகத்துக்கு முன் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் மோசம் என்று எழுதுகிறான் என்று முதலாளிமார் கொதித்தார்கள். பயத்தில் அடுத்த முறை அவருக்கு இன்னும் திறமானதைக் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் மோசமானது வந்தது. யாரும் கை வைக்காமல் தானாகவே ஓடியது. சில நாட்கள் அதைப் பார்க்க ஆசையாகவே இருந்தது.

சலூன்காரன் மதுஷனின் மச்சானுக்குக் கொத்துக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்கு நான் ஒரு நட்சத்திரம் போட்ட மறுநாள் மதுஷன் அண்ணனின் மீசையில் பாதியை வழித்துவிட்டு, “கடை பூட்டுற நேரம், நாளைக்கு வாங்க” என்றான். ஓட்டோக்காரர்களும் ஏற்றவில்லை. அண்ணன் அரை மீசையைக் கையால் மறைத்தபடி கல்லடிப் பாலத்தால் நடந்து வந்தபோது நான் எதிர்ப்பட்டேன்.

“ஊராக்களுக்கு நான் என்ன செய்தன், தம்பி? மனிசி வந்து கேட்டா என்னத்தச் சொல்ற?”

தெரியாது என்றேன். விமர்சகன் தன்னை வெளிப்படுத்தக் கூடாது.

சர்மிளாக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். வாவிக்கரையில் நண்டுக் கறிக்குப் பெயர்போன கடை அவருடையது. அன்று இருந்ததிலேயே பெரிய நண்டை அண்ணனுக்குக் கொடுத்து, எதிரே இருந்து பார்த்தார். அண்ணன் நல்லாயிருக்கு என்றார். எனக்கு வந்த நண்டு வெறும் ஓடு. ‘உள்ளே தண்ணீர்தான்’ என்று எழுதினேன்.

அடுத்த கிழமை அவருடைய உறைபெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் தெருவால் போனார்.

“அண்ணன், வாங்க, தோணியில காத்து வாங்கிட்டு வருவம்” என்று சர்மிளாக்கா கூப்பிட்டார். அண்ணனோடு யாரும் கதைத்து நாளாகியிருந்தது. சந்தோசமாக ஏறினார். “தம்பி, நீயும் வா. சாட்சிக்கு ஒராள் வேணும்” என்று சர்மிளாக்கா என்னையும் ஏற்றினார்.

வாவியின் நடுவில் தோணியை நிறுத்தி, ஒரு பெரிய சட்டியின் மூடியைத் திறந்தார்.

“எனக்கு முன்னால நல்லாயிருக்கு எண்டீங்க. வீட்ட போய்த் தண்ணி எண்டு எழுதினீங்க. இது முழுக்க முடிச்சாத்தான் கரை. மறுகா எழுதுங்க பாப்பம்.”

“நான் எழுதினனா? எனக்கு ருசியும் தெரியா, மணமும் தெரியா, தங்கச்சி. உண்மையச் சொன்னா, நீங்க தந்த நண்டு எனக்கு ஈரக் கடதாசி மாதிரித்தான் இருந்த.”

“ஈரக் கடதாசியா?” சர்மிளாக்கா எஞ்சின் துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அவர் மூக்கில் அழுத்தினார். அண்ணன் ஆழமாக இழுத்தார். முகம் சுழிக்கவில்லை. “மல்லிகையா புள்ள?” என்று ஆவலோடு கேட்டார்.

சர்மிளாக்காவின் கை இறங்கிவிட்டது. சட்டியை மூடப் போனார். “இந்த மனிசனுக்கு உண்மையாவே தெரியாதுபோல. அப்ப ஆரு தம்பி எழுதுற?” என்று என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். நான் சொன்னது இது:

“எழுதிப் பழகின ஆக்கள் முகத்தில காட்ட மாட்டாங்க, அக்கா.”

சர்மிளாக்கா சட்டியை மறுபடி அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் அதை முடித்தார். ஓடுகளை ஒழுங்காக ஒரு பக்கம் அடுக்கினார். எனக்கும் ஒரு நண்டுக்கால் தந்தார்கள். கரைக்கு வரும்போது, அவ்வளவு நண்டும் ஒவ்வாமல், அவருடைய முகம் பூசணிக்காயளவு வீங்கி, கண் இரண்டும் மூடியிருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நானும் உதவினேன். அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலை எழுதினேன்: ‘வாவி நடுவில், தோணியில் பரிமாறப்பட்ட நண்டுக் கறி. மசாலை நன்றாக ஊறியிருந்தது. புளி சற்றுக் கூட. இருக்கை வசதி குறைவு. மூன்று நட்சத்திரம்.’

அதுதான் பிழை. அந்தக் கறியைச் சாப்பிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் கண் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். சர்மிளாக்கா அதை வாசித்துவிட்டு நேரே உங்களிடம் வந்தது நல்ல தர்க்கம், பாராட்டுகிறேன். ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுதாமல் இருப்பது வாசகருக்குச் செய்கிற துரோகம்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே ஒரு மனிதரை எனக்குப் பதிலாக ஊரின் முன்னால் இருத்தினேன். அவர் தப்புகிற நேரத்தில் அந்த வழியையும் அடைத்தேன். எல்லாம் நடுநிலைமைக்காகத்தான்.

கையெழுத்துப் பற்றி மட்டும் யோசித்தேன். இந்த வாக்குமூலத் தாள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே இருக்கிறவர்களுக்கும் மச்சான்மார் இருப்பார்கள், மச்சான்மாருக்குக் கடைகள் இருக்கும். ஆகவே கீழே வினாயகமூர்த்தி அண்ணனின் பெயரை வைத்திருக்கிறேன். அவருக்கு இதனால் புதிதாக ஒன்றும் வராது. சர்மிளாக்காவைத் தவிர ஊர் முழுக்க ஏற்கனவே அப்படித்தான் நம்புகிறது.